ஒரே ஆக்ஸிஸ்க்கு ரெண்டு ஸ்க்ரூ: வீட்ல கட்டற சிஎன்சி ரவுட்டர்ல கேன்ட்ரி கோணாம ஓட

முதல்ல கட்டற சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்றபடி மரம் வெட்டற மெஷின்) எல்லாருக்கும் சின்னதாதான் இருக்கும், அதுல கேன்ட்ரிய, அதாவது பிட்ட சுத்தற ஸ்பிண்டில தாங்கி ரெயில் மேல முன்ன பின்ன போற பாலத்த, நடுவுல ஒரே ஒரு ஸ்க்ரூ போட்டு ஓட்டிருவோம், பிரச்சனை வராது. அடுத்து நாலடி அகலத்துக்கு ஆசைப்பட்டு இறங்கும்போதுதான் இந்த தலைவலி ஆரம்பிக்கும். பழைய மரமேசை டிராயர ஒரு மூலைய பிடிச்சு இழுத்தா எப்படி குறுக்கா போய் சிக்கிக்குமோ, அதேதான் இங்கயும். ஸ்பிண்டில் கேன்ட்ரியோட ஒரு கோடில போய் மரத்த கடிக்கும்போது அந்த பக்கம் பின்தங்கும், இந்த பக்கம் முன்னாடி போகும், வெட்டின வட்டம் முட்டை மாதிரி வரும்.

என் கணக்கு இதுதான்: ரெண்டு ரெயிலுக்கும் நடுவுல 500, 600 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா, நல்ல லீனியர் ரெயில் போட்டு ஒவ்வொரு பக்கமும் ரெண்டு பிளாக்க (ரெயில் மேல வழுக்கற துண்டு) நல்லா தள்ளி தள்ளி வச்சா, நடுவுல ஒரு ஸ்க்ரூ போதும், ரெண்டு ஸ்க்ரூக்கு செலவு பண்ணாதீங்க. அதுக்கு மேல போனா ரெண்டு ஸ்க்ரூ போட்டுருங்க.

நிறைய பேர் ரெண்டு மோட்டார்னா டபுள் பவர்னு நினைக்கறாங்க. பவருக்காக இத பண்ணவே வேண்டாம். 1605 பால் ஸ்க்ரூ, அதாவது 16 மில்லிமீட்டர் குறுக்களவு, ஒரு சுத்துக்கு 5 மில்லிமீட்டர் நகரும், அத 1 நியூட்டன் மீட்டர் டார்க்ல சுத்தினாலே 90 சதவீத எஃபிஷியன்சி வச்சு பாத்தா 1100 நியூட்டனுக்கு மேல தள்ளும், கிலோல சொன்னா 115 கிலோ கிட்ட. மரம் வெட்ட அவ்ளோ எதுக்கு? இந்த 115 கிலோவ நல்லா மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா ரெண்டு ஸ்க்ரூவும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலன்னா இதே பலத்தோட உங்க கேன்ட்ரியத்தான் முறுக்கும். கீழ சொல்ற எல்லாமே அந்த சண்டை வராம பாத்துக்கறதுக்குத்தான்.

ஒரு மோட்டார் பெல்ட்டா, ரெண்டு மோட்டாரா

ரெண்டு ஸ்க்ரூவயும் ஒண்ணா சுத்த வைக்க நாலு வழி சொல்லுவாங்க, அதுல ஒண்ண இப்பவே தள்ளிருவோம். ஒரே டிரைவர்ல (மோட்டாருக்கு கரண்ட் குடுக்கற போர்டு) ரெண்டு மோட்டார மாட்டறது, 3டி பிரிண்டர்ல மேல கீழ போற இசட்டுக்கு பண்ற மாதிரி. பேரலல்ல போட்டா கரண்ட் ரெண்டா பிரியும், சீரிஸ்ல போட்டா இண்டக்டன்ஸ் ஏறி வேகத்துல டார்க் விழுந்துரும். பிரிண்டர்ல மெதுவா நகர்ற இசட்டுக்கு அது போதும், ரவுட்டர்ல வேணாம்.

மிச்சம் மூணு. ஒண்ணு, ஒரே மோட்டார், ரெண்டு ஸ்க்ரூவையும் டைமிங் பெல்ட்டால சேக்கறது. ரெண்டாவது, ரெண்டு மோட்டார் ரெண்டு டிரைவர், ஆனா ஸ்டெப் சிக்னல் ஒண்ணே. மூணாவது, ரெண்டு மோட்டாரும் கண்ட்ரோலருக்கு தனித்தனியா தெரியும், ஹோமிங் பண்ணும்போது (ஆரம்ப இடத்து சுவிட்ச்ச தேடிப் போறது) தானே ஸ்கொயர் பண்ணிக்கும், அதாவது கேன்ட்ரிய ரெயிலுக்கு சரியா செங்குத்தா நிறுத்திக்கும்.

பெல்ட்ட பத்தி நம்ம ஆளுங்க ரொம்ப இளக்காரமா பேசுவாங்க, ரப்பர் தானே, இழுக்கும்ல அப்படின்னு. கணக்கு போட்டு பாருங்க. ஹெச்டிடி 5எம் பெல்ட், 20 பல்லு புல்லி, ஒரு சுத்துக்கு பெல்ட் 100 மில்லிமீட்டர் நகருது, ஸ்க்ரூ மேல ஓடி கேன்ட்ரிய இழுக்கற நட் நகர்றது 5 மில்லிமீட்டர். அதாவது இருபதுல ஒரு பங்கு. பெல்ட் அரை மில்லிமீட்டர் இழுத்தாகூட கேன்ட்ரில வர்ற வித்தியாசம் 0.025தான். கரண்ட் போனாலும், மோட்டார் ஸ்டெப் விட்டாலும், ரெண்டு பக்கமும் சேந்தேதான் விடும், கேன்ட்ரி கோணாது. எலக்ட்ரானிக்ஸ்ல குழப்பிக்க பிடிக்காதவங்களுக்கு இதுதான் நிம்மதி. 15 மில்லிமீட்டர் அகல பெல்ட் எடுங்க, ஐட்லர் வச்சு நல்லா டென்ஷன் குடுங்க.

ஆனா ஒண்ணு, ஒரு பல்லு மாத்திப்போட்டா நட்ல 0.25 மில்லிமீட்டர் மாறும், அதுக்கும் கீழ ஃபைனா ஸ்கொயர் பண்ண புல்லிய லூஸ் பண்ணி திருப்பணும், அதனால வெறும் க்ரப் ஸ்க்ரூ புல்லி வாங்காதீங்க, ஷாஃப்ட்ட சுத்தி இறுக்கிப் பிடிக்கற கிளாம்ப் டைப் வாங்குங்க. க்ரப் ஸ்க்ரூ ஷாஃப்ட்ல ஒரு குழி போட்டுரும், அப்புறம் கொஞ்சமா திருப்பினாலும் பழைய குழிலயே போய் உக்காரும்.

இன்னொண்ணு ஸ்க்ரூவோட எடை. ஒரு மீட்டர் நீள 16 மில்லிமீட்டர் ஸ்க்ரூ ஒன்றரை கிலோ சொச்சம், சுத்த வைக்கறதுக்கு இருக்கற இனர்ஷியா 500 கிராம் சதுர சென்டிமீட்டர் கிட்ட. பெரிய நேமா 23 சைஸ் ஸ்டெப்பர் மோட்டாரோட உள்ள சுத்தற ரோட்டாரே கிட்டத்தட்ட அவ்ளோதான் இருக்கும். ஒரு மோட்டார் தலைல ரெண்டு ஸ்க்ரூவயும் கட்டினா ஆக்ஸிலரேஷன் குறைச்சுதான் ஆகணும். கனமா இருந்தா நல்லதுன்னு 2005 ஸ்க்ரூக்கு தாவினா இனர்ஷியா ரெண்டரை மடங்கு ஆயிரும், குறுக்களவோட நாலாம் பவர்ல ஏறற விஷயம் அது.

இனிமே சொல்றது ரெண்டு மோட்டார் வழிக்கு, பெரும்பாலான ஆளுங்க அதத்தான் பண்றாங்க.

ஸ்க்ரூவ மாட்டறதுக்கு முன்னாடி

ரெண்டு ஸ்க்ரூவயும் ஒரே கடைல ஒரே நேரத்துல ஒரே நீளத்துல வாங்குங்க, முடிஞ்சா ஒரே லாட். நம்ம பட்ஜெட்ல கிடைக்கற சி7 கிரேடுக்கு 300 மில்லிமீட்டருக்கு 0.05 மில்லிமீட்டர் வரைக்கும் பிழை இருக்கலாம். ஒண்ணு கூட, ஒண்ணு குறையன்னு வந்தா 300க்கு 0.1 வித்தியாசம். மர வேலைக்கு அது ஒண்ணும் தெரியாது, அலுமினியத்துல துல்லியமா எதாச்சும் பண்ணப்போறீங்கன்னா லினக்ஸ்சிஎன்சி மாதிரி ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் தனி ஸ்கேல் குடுக்க விடற கண்ட்ரோலர் போங்க.

நீளமும் பாருங்க. ஒரு மீட்டர் 1605 ஸ்க்ரூ, ஒரு கோடில பிகே12 (ஸ்க்ரூவ நகராம பிடிக்கற பேரிங் பிளாக்), மறுகோடில பிஎஃப்12 (சும்மா தாங்கற பேரிங் பிளாக்) போட்டா, 1900 ஆர்பிஎம் வரைக்கும் பயமில்ல, அதுக்கு முன்னாடியே ஸ்டெப்பருக்கு மூச்சு வாங்கிரும். ஒன்றரை மீட்டர் ஆனா அதே ஸ்க்ரூ 870 ஆர்பிஎம் பக்கத்துலயே கயிறு மாதிரி ஆட ஆரம்பிக்கும், அதாவது நிமிஷத்துக்கு 4300 மில்லிமீட்டர்தான் லிமிட். அங்க 1610க்கு மாறிட்டா அதே சுத்துக்கு டபுள் தூரம்.

இப்ப முக்கியமான இடம். ஸ்க்ரூ எதுவும் மாட்டாம கேன்ட்ரிய ரெயில்ல மட்டும் வச்சு மெக்கானிக்கலா ஸ்கொயர் பண்ணுங்க. ஒரு ரெயில மாஸ்டர்னு எடுத்து நேரா டைட் பண்ணிருங்க, ரெண்டாவது ரெயில் போல்ட்ட எல்லாம் கொஞ்சம் லூஸா விட்டு கேன்ட்ரிய முன்னும் பின்னும் தள்ளி, அது போற வழிக்கு அத உக்கார விட்டு, ஒரு கோடில இருந்து டைட் பண்ணிட்டு வாங்க. கேன்ட்ரிய ஒத்த விரல்ல தள்ளினா முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி போகணும். எங்கயாச்சும் பிடிக்குதுன்னா அத ஸ்க்ரூ தள்ளிரும்னு விட்டுராதீங்க. தள்ளத்தான் செய்யும், 115 கிலோ இருக்கே, ஆனா பிளாக்குள்ள இருக்கற பால்ஸ் பாவம்.

அப்புறம் ஒரு பக்க ஸ்க்ரூவ ரெயிலுக்கு இணையா வைக்கணும், மேல கீழயும் பக்கவாட்டுலயும், டயல் கேஜ ரெயில் பிளாக்ல மாட்டி ஸ்க்ரூ மேல ஓட்டி பாத்தா தெரியும். டயல் கேஜ் இல்லாதவங்க நட்ட வச்சே பண்ணலாம்: நட் ஹவுசிங் போல்ட் நாலையும் கையால மட்டும் திருகி விடுங்க, கேன்ட்ரிய பிகே12 பக்கம் கடைசி வரைக்கும் கொண்டுபோங்க, அங்க பேரிங் பிளாக்க டைட் பண்ணுங்க. அடுத்து மறுகோடிக்கு கொண்டுபோய் பிஎஃப்12 டைட் பண்ணுங்க. கடைசியா நட் போல்ட்ட ஒண்ணுக்கொண்ணு எதிரா கால் கால் திருப்பா இறுக்குங்க, இறுக்கும்போது இன்னொரு கையால கப்ளிங்க (மோட்டாரையும் ஸ்க்ரூவையும் சேக்கற துண்டு) திருப்பிட்டே இருங்க. எந்த போல்ட்ட இறுக்கும்போது கைக்கு கனம் தெரியுதோ அந்த மூலைல சிம் (இடைவெளிக்கு வைக்கற மெல்லிசு தகடு) வேணும். கோலா டின்ன வெட்டி சிம்மா வைக்கலாம், கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் வரும், கடைக்கு ஓட வேண்டியதில்ல.

ரெண்டாவது ஸ்க்ரூவும் அதே மாதிரி, ஆனா அதோட நட்ட கேன்ட்ரில கடைசியா டைட் பண்ண வேண்டாம், மோட்டார் செட்டப் முடியட்டும்.

வயரிங்

ரெண்டு மோட்டாரும் ஒரே மாடல், ரெண்டு டிரைவரும் ஒரே மாடல், கரண்ட் டிப் சுவிட்ச், மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்ப எத்தனையா பிரிக்கணும்கறது) டிப் சுவிட்ச் ரெண்டுலயும் ஒண்ணே. ஒரு பக்கம் கைல இருந்த பழைய டிபி6600, இன்னொரு பக்கம் புது டிஎம்542ன்னு கலக்காதீங்க, ஒரே பல்ஸுக்கு ரெண்டும் ஒரே மாதிரி நடந்துக்காது. சின்ன மெஷினுக்கு ஆர்டினோ ஊனோ மேல சிஎன்சி ஷீல்டு போட்டிருந்தா நாலாவது டிரைவர் சாக்கெட் இருக்கும்ல, ஜம்பர் போட்டா அது ஒய்-ய (கேன்ட்ரி முன்ன பின்ன போற ஆக்ஸிஸ்) அப்படியே காப்பி அடிக்கும். நேமா 23க்கு வெளி டிரைவர்தான், ஸ்டெப் வயரையும் டைரக்‌ஷன் வயரையும் ரெண்டு டிரைவருக்கும் பேரலல்ல குடுங்க. ஒவ்வொரு இன்புட்டும் 10 மில்லிஆம்ப் அளவுக்கு இழுக்கும், ரெண்டு சேந்தா 20, ஊனோ பின் தாங்கிரும். அதுக்கு மேல மூணாவது எதையும் அதே பின்ல தொங்கவிடாதீங்க.

டைரக்‌ஷன்ல எல்லாரும் குழம்பற ஒரு விஷயம். இடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் ஒண்ணுன்னா ஒரு மோட்டார் எதிர்த்திசைல சுத்தணும்னு தோணும். ராக் பினியன்ல, கேன்ட்ரி மேலயே மோட்டார் எதிரும் புதிருமா உக்காந்திருந்தா அது சரி. ஸ்க்ரூல ரெண்டு மோட்டாரும் மெஷினோட ஒரே கோடில இருந்தா ரெண்டும் ஒரே திசைல சுத்தினாதான் கேன்ட்ரி ஒரே பக்கம் போகும். ஒரு மோட்டார் முன்னாடி, இன்னொண்ணு பின்னாடி இருந்தா மட்டும்தான் ஒண்ண திருப்பணும். திருப்ப வேண்டி வந்தா ஏ ப்ளஸ், ஏ மைனஸ் வயர் ரெண்ட மட்டும் மாத்துங்க, அதுவும் பவர் ஆஃப் பண்ணிட்டு. டிரைவர் ஆன்ல இருக்கும்போது மோட்டார் வயர கழட்டினா டிரைவர் போயிரும்.

கேன்ட்ரிய இணைக்காம ஒரு டெஸ்ட்

ரெண்டு பக்க நட் போல்ட்டும் கழட்டின நிலைல, ரெண்டு கப்ளிங்லயும் மேல்பக்கமா வெள்ளை மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க. ஜிஆர்பிஎல்னா (ஆர்டினோல ஓடற சிஎன்சி சாஃப்ட்வேர்) $101ல ஒய்க்கு ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை ஸ்டெப்னு குடுக்கணும்: 200 ஸ்டெப் மோட்டார், 8 மைக்ரோஸ்டெப், 5 மில்லிமீட்டர் லீடு, ஆக 1600ஐ 5ஆல வகுத்தா 320. இப்ப 10 மில்லிமீட்டர் நகர சொல்லுங்க. ரெண்டு கோடும் சரியா ரெண்டு சுத்து சுத்தி பழைய இடத்துக்கே வரணும், ஒரே திசைல. நட் ஸ்க்ரூவோட சேந்து சுத்தாம கையால பிடிச்சுக்கோங்க, இல்ல ஒரு கட்டைய முட்டு குடுங்க.

அடுத்து $111ல (அதிகபட்ச வேகம்) 3000, $121ல (ஆக்ஸிலரேஷன்) 200ன்னு வச்சு, 50 மில்லிமீட்டர் முன்ன பின்ன ஒரு இருபது தடவை ஓட்டற சின்ன ஜிகோட் ஓடவிட்டு மறுபடி கோட்ட பாருங்க. ஒண்ணு மட்டும் நகந்திருந்தா அந்த பக்க டிரைவர், வயர், கரண்ட் செட்டிங் பாக்கணும். லோடு இல்லாமயே ஸ்டெப் விடற மோட்டார்ல கேன்ட்ரிய கட்டினீங்கன்னா முதல் நாளே கோணிரும். $1ஐ 255 ஆக்கிருங்க, அப்பதான் வேலை நடுவுல நிக்கும்போது மோட்டார் லாக்லயே இருக்கும். இல்லன்னா ரெண்டும் தனித்தனியா ரிலாக்ஸ் ஆகும், மறுபடி ஆன் ஆகும்போது தனித்தனியா உக்காரும்.

கரண்ட் கட்டுக்கும் இதே கதைதான், நம்மூர்ல இது சொல்லியே ஆகணும். டிரைவர் ஆன் ஆகும்போது மோட்டார் எங்க நிக்குதோ அங்க இருந்து பக்கத்து காந்த நிலைக்கு குதிக்கும், அதிகபட்சம் ரெண்டு ஃபுல் ஸ்டெப், 3.6 டிகிரி, 5 மில்லிமீட்டர் லீடுல 0.05. ஒரு பக்கம் முன்னாடியும் மறுபக்கம் பின்னாடியும் குதிச்சா 0.1. அதனால பவர் வந்ததும் விட்ட இடத்துல இருந்து ரெஸ்யூம் குடுக்காம, கண்டிப்பா மறுபடி ஸ்கொயர் பண்ணிட்டு ஆரம்பிங்க.

ஸ்கொயர் பண்றது

கண்ட்ரோலர்ல ஆட்டோஸ்கொயர் இல்லன்னா ரொம்ப மலிவான வழி ஒண்ணு இருக்கு. மெஷின் முன் கோடில ரெண்டு பக்கமும் ஒவ்வொரு போல்ட்ட ஸ்டாப்பரா வைங்க, லாக் நட்டோட. பவர் ஆஃப்ல ரெண்டு கப்ளிங்கையும் கையால திருப்பி கேன்ட்ரி ரெண்டு போல்ட்லயும் மெதுவா தொடற வரைக்கும் கொண்டுவாங்க, அப்புறம் பவர் ஆன். பாத்தா பட்டிக்காட்டு வழி மாதிரி இருக்கும், ஆனா மரவேலைக்கு தாராளமா போதும்.

ஆட்டோஸ்கொயர்னா ரெண்டு பக்கமும் தனித்தனி லிமிட் சுவிட்ச், ஒவ்வொரு மோட்டாரும் தன்னோட சுவிட்ச் தொட்டதும் தான் மட்டும் நிக்கும், இன்னொண்ணு தன் சுவிட்ச் வர்ற வரைக்கும் போகும். ஊனோல ஓடற ஜிஆர்பிஎல் 1.1லயே இது இருக்கு, கான்ஃபிக் ஃபைல்ல டூயல் ஆக்ஸிஸ் வரிய ஆன் பண்ணி கம்பைல் பண்ணி ஏத்தணும், ரெண்டாவது பக்க சுவிட்ச் இசட் லிமிட் பின்னுக்கு போகும். ஜிஆர்பிஎல்ல இருந்து வளந்த கிரிபிள்ஹால், ஃப்ளூயிட்என்சி ரெண்டுலயும் இன்னும் சுலபம், பின்ன செட்டிங்ல சொன்னா போதும். லினக்ஸ்சிஎன்சில ஒய் எழுத்த கோஆர்டினேட்ல ரெண்டு தடவை போட்டு, ரெண்டு ஜாயிண்டுக்கும் ஹோம் சீக்வென்ஸ ஒரே மைனஸ் நம்பரா குடுத்தா ரெண்டும் சேந்து ஹோம் ஆகும்.

சுவிட்ச் நார்மலி க்ளோஸ்டா, அதாவது அமுக்காதப்போ கரண்ட் போற மாதிரி, வயர் பண்ணுங்க. வயர் அறுந்தா உடனே தெரியும். நார்மலி ஓபன்ல ஒரு பக்க வயர் அறுந்திருந்தா, ஒரு மோட்டார் நின்னுரும், இன்னொண்ணு வராத சுவிட்ச்ச தேடி போய்ட்டே இருக்கும், 115 கிலோவோட. ஜிஆர்பிஎல் ரெண்டு பக்கத்துக்கும் இடைவெளி அளவுக்கு மீறினா ஹோமிங்க நிறுத்தி அலாரம் குடுக்கும், ஆனா அத நம்பி வயர அலட்சியமா விடாதீங்க.

சரி, ஹோம் ஆயிருச்சு, ரெண்டாவது பக்க நட்டையும் இப்ப டைட் பண்ணிட்டீங்க. நிஜமா ஸ்கொயரான்னு பாக்க மூலமட்டத்த வச்சு பாத்தா பத்தாது, அரை அடி மட்டத்துல தெரியாத பிழை நாலடில தெரியும். ஒரு பழைய எம்டிஎஃப் பலகைல 600க்கு 600 சதுரத்தோட நாலு மூலைலயும் ஒரே பிட்டால ஓட்டை போடுங்க. கொத்தனார் அஸ்திவாரத்துக்கு பாக்கற மாதிரி மூலைக்கு மூலை அளக்கணும், ரெண்டும் ஒண்ணா இருக்கணும். டேப்ப நம்பாதீங்க, கொக்கி ஆடும். ஒரு ரீப்பர் கட்டைல ஒரு ஆணிய அடிச்சு, தலைய வெட்டி, ஒரு ஓட்டைல ஆடாம உக்கார வைங்க, எதிர் மூலை ஓட்டையோட வெளி விளிம்புக்கு நேரா கட்டைல பிளேடால ஒரு கோடு கீறுங்க. அப்படியே தூக்கி அடுத்த மூலைக்கு மூலை வச்சு இன்னொரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கறதுதான் வித்தியாசம், வெர்னியர்ல அளந்துரலாம், மொத்த நீளம் எவ்ளோன்னு தெரியவே வேண்டாம்.

எவ்ளோ திருத்தணும்? ரெண்டு ஸ்க்ரூக்கும் இருக்கற தூரத்த அந்த வித்தியாசத்தால பெருக்கி, சதுரத்தோட பக்கம் பெருக்கல் 1.414ஆல வகுங்க. ஸ்க்ரூ 800 இடைவெளி, வித்தியாசம் 1 மில்லிமீட்டர், சதுரம் 600: 800ஐ 848ஆல வகுத்தா 0.94. எந்த பக்கம்னா, முன் இடது மூலைல இருந்து பின் வலது மூலைக்கு போற அளவு நீளமா இருந்தா வலது பக்கம் மெஷினோட பின்பக்கமா தள்ளி நிக்குது, அத அவ்ளோ முன் கோடி பக்கம் இழுக்கணும். மத்தது நீளம்னா இடது பக்கம். ஸ்டாப்பர் போல்ட்னா அத திருகுங்க, எம்6 போல்ட் ஒரு சுத்துக்கு 1 மில்லிமீட்டர், கணக்கு சுலபம். ஃப்ளூயிட்என்சில ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி புல்ஆஃப் தூரம் (சுவிட்ச்ச தொட்டதும் பின்வாங்கற தூரம்) இருக்கு, கிரிபிள்ஹால்ல ஆட்டோஸ்கொயர் ஆஃப்செட் இருக்கு, லினக்ஸ்சிஎன்சில ஹோம் ஆஃப்செட், அதுல நம்பர மாத்தினா போதும், சுவிட்ச்ச தொடவே வேண்டாம்.

இங்க ஒரு எச்சரிக்கை. திருத்தம் 0.3, 0.4 மில்லிமீட்டருக்கு மேல வருதுன்னா, சாஃப்ட்வேர்ல நம்பர் போட்டு இழுக்காதீங்க. நல்ல ஹெச்ஜி20 ரெயில்ல பிளாக்க தள்ளித்தள்ளி வச்ச கேன்ட்ரி தனக்குன்னு ஒரு கோணத்துல விறைப்பா நிக்கும், அத மோட்டார் வலுக்கட்டாயமா வேற கோணத்துக்கு இழுத்தா, பவர் ஆஃப் பண்ணின உடனே ஸ்ப்ரிங் மாதிரி திரும்பும். ஆஃப் பண்ணும்போது கப்ளிங் மார்க்க பாருங்க, லேசா திரும்புச்சுன்னா ரெண்டு ஸ்க்ரூவும் சண்டைலதான் இருக்கு. கேன்ட்ரி பிளேட் போல்ட்ட லூஸ் பண்ணி, மெக்கானிக்கலா சரி பண்ணிட்டு, மறுபடி நாலு ஓட்டை.

க்ளோஸ்டு லூப் ஸ்டெப்பர் போட்டவங்களுக்கு ஒண்ணு பாக்கி. டிரைவர்ல அலாரம் அவுட்புட் இருக்கும், நிறைய பேர் அத தொடவே மாட்டாங்க. ஒரு மோட்டார் மட்டும்னா பரவால்ல, ரெட்டை ஸ்க்ரூல ஒரு டிரைவர் ஃபால்ட் ஆகி நின்னா மத்தது போய்ட்டே இருக்கும். ரெண்டு அலாரத்தையும், எது ஒண்ணு வந்தாலும் எமர்ஜென்சி ஸ்டாப் விழற மாதிரி கண்ட்ரோலருக்கு குடுங்க. டெஸ்ட் பண்ண, மெதுவா ஜாக் பண்ணிட்டு இருக்கும்போது ஒரு பக்க அலாரம் வயர மட்டும் கழட்டி பாருங்க, ரெண்டு மோட்டாரும் அந்த நிமிஷமே நிக்கணும். கழட்டியும் ஓடுதுன்னா வயரிங் லாஜிக் தலைகீழா இருக்கு, டிரைவர் செட்டிங்லயோ கண்ட்ரோலர்லயோ இன்வெர்ட் பண்ணிட்டு அடுத்த பக்கத்தையும் அதே மாதிரி கழட்டி பாத்துட்டுதான் ஸ்பிண்டில ஆன் பண்ணணும்.